கியூட்டெக்ஸா, மருதோன்றியா?

நல்லூரில் கொடியேறினால் யாழ்ப்பாணத்து வீடுகளில் நகங்களுக்கும் திருவிழாதான். அழகு நிலையத்துக்குப் போகாமல் வீட்டிலேயே நகம் சிவக்க வைக்க வழி இரண்டு.

நாளைக்கே கல்யாண வீடு என்றால் கியூட்டெக்ஸ்தான். மெல்லியதாக இரண்டு பூச்சு, இடையில் சற்று உலரவிட்டால் வேலை முடிந்தது. அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். சேலை நூல்கூட அதில் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் துருவி, பாத்திரம் கழுவுகிற கையில் நுனி விரைவில் உதிரும். பாதி உதிர்ந்த நகத்தைவிட வெறும் நகமே பார்வைக்கு மேல். அழிக்கும் அசிற்றோன் நகத்தையும் சுற்றுத் தோலையும் உலர்த்திவிடும். பிறகு ஒரு சொட்டு நல்லெண்ணெய் தேய்க்கலாம்.

மற்றபடி என் வாக்கு மருதோன்றிக்கே. இலையைத் தேசிக்காய்ப் புளி விட்டு அம்மியில் மையாக அரைத்து, ஒவ்வொரு நகத்துக்கும் தொப்பிபோல வைத்து, இரவு முழுவதும் கையை நீட்டியபடி கிடக்க வேண்டும். நுளம்பு கடித்தால் சொறியவும் முடியாது! ஆனால் இலையிலுள்ள லோசோன் என்ற சாயம் நகத்தின் கெரற்றின் என்ற புரதத்தோடு பிணைந்துவிடுவதால் உதிர்வதில்லை. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்வதால், நிறம் முழுதாக வெளியேற ஆறு மாதமளவு ஆகும். நிறம் பிடிக்காவிட்டால் வெட்டி வெட்டித்தான் தீர வேண்டும்.

‘கறுப்பு மருதோன்றி’ என்று விற்பதை மட்டும் தொடவேண்டாம். அதில் பெரும்பாலும் கலக்கப்படும் பிபிடி என்ற தலைமுடிச் சாயப்பொருள் சிலருக்குத் தோலைக் கொப்பளிக்க வைக்கும்.