வங்கிகளின் கைமாத்து வட்டி: ஐந்து வருடம் எழுதிய கொப்பி

கிளிநொச்சியில் நெல் வாங்கி விற்கிறேன். காலபோக வெட்டு தொடங்கினால் விவசாயியின் கையில் அன்றைக்கே காசை எண்ணி வைக்க வேண்டும். அந்தக் காசு வங்கி ஓவர் டிராப்ட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன். வட்டி வாராவாரம் மாறும் முதன்மைக் கடன் வீதத்தோடு (வங்கிகள் தங்கள் நல்ல வாடிக்கையாளரிடம் வாங்கும் வட்டியின் சராசரி) இரண்டு கூட்டி. அந்த வீதம் பெரும்பாலும் அழைப்புப் பண வீதத்தின் பின்னால்தான் போகும். அதனால் 2020 முதல் மத்திய வங்கி வெளியிடும் அழைப்புப் பண வீதத்தை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன்.

வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கொடுத்து வாங்கும் கைமாத்துக்கான வட்டிதான் அது. சிலிபோர் என்று முன்பு இருந்தது, வங்கிகள் வாயால் சொல்லும் வீதம். அதை 2020இல் நிறுத்திவிட்டார்கள். அழைப்புப் பண வீதமோ உண்மையில் நடந்த கொடுக்கல் வாங்கலின் சராசரி. அதுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் 2022 என்னை ஏமாற்றியது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வீதங்களை, அதாவது வங்கிகளோடு தான் கொடுத்து வாங்கும் வட்டியை, ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. ஜூலையில் இன்னும் ஒன்று. அந்த வருடக் கடைசிப் பக்கங்களை இப்போது புரட்டினால் எண் பதினைந்தரையை ஒட்டியே நிற்கிறது. அசையவில்லை, சரி, அடங்கிவிட்டது என்று நினைத்தேன். அதே நாட்களில் அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது! பதினைந்தரை என்பது மத்திய வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதம், அதாவது கூரை. தன்னிடம் வங்கிகள் வைக்கும் பணத்துக்கு அது கொடுக்கும் வீதம் தரை. வங்கிக்கு வங்கி நம்பிக்கை இல்லை. குறை விழுந்தவர்கள் மத்திய வங்கியிடமே ஓடினார்கள். கூரையில் ஒட்டிய எண் அமைதியைக் காட்டவில்லை, மூச்சடைப்பைக் காட்டியது. அன்றிலிருந்து எண்ணைவிட அது கூரைக்குக் கிட்டவா தரைக்குக் கிட்டவா என்றே பார்க்கிறேன். பக்கத்தில் உண்டியல் வீதத்தையும் எழுதுகிறேன்.

2023 ஜனவரியில் மத்திய வங்கி தன்னிடம் பணம் வைப்பதை மாதத்துக்கு ஐந்து தடவையாகக் கட்டுப்படுத்தியது. வங்கிகள் மறுபடி ஒன்றுக்கொன்று கொடுக்கத் தொடங்கின. ஜூனில் கொள்கை வீதம் இரண்டரை இறங்கியது. பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, காசை இப்ப வைப்பில போடவோ, பொறுக்கவோ?" என்று கேட்டா. "இப்பவே ஒரு வருசத்துக்குப் போடுங்கோ அக்கா" என்றேன். போட்டா, நல்ல வட்டி வந்தது.

என் கடன் மட்டும் இறங்கவில்லை. ஏறும்போது அடுத்த மாதமே ஏற்றிய வங்கி, இறங்கும்போது மூன்று மாதம் இழுத்தது. கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் விரித்த பிறகுதான் குறைத்தார்கள். நகை அடகுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாதென்று அந்த ஆகஸ்டில் மத்திய வங்கியே உத்தரவு போட வேண்டி வந்தது. கொழும்பில் இறங்கும் வட்டி வன்னிக்குத் தானாக வந்து சேருவதில்லை.

2024 நவம்பரிலிருந்து ஓரிரவுக் கொள்கை வீதம் என்று ஒன்றுதான். முதலில் 8, 2025 மேயில் 7.75. பார்ப்பது சுலபமாகிவிட்டது. லீசிங்கோ ஓவர் டிராப்டோ உள்ளவர்கள் வாரம் ஒரு தடவை எழுதினால் போதும். கடன் பத்திரத்தில் வீதம் எந்தத் திகதியில் மீளாய்வாகும் என்பதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள்.