செய்தித் தலைப்புக்கு முன் மூல ஆவணம்: வத்திக்கான் ஏடுகளோடு பத்தாண்டுப் பழக்கம்

திருஅவைச் செய்திகளை நாளிதழ் வழியாகவோ, வாட்ஸ்அப்பில் வரும் பகிர்வுகள் வழியாகவோ அறிந்துகொள்வதற்கு முன், வத்திக்கான் வெளியிடும் மூல ஆவணத்தையே படித்துவிடுவது என்ற வழக்கத்தை 2015-இல், திருத்தந்தை பிரான்சிஸின் 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் (திருத்தந்தை திருஅவை முழுமைக்கும் எழுதும் போதனை மடல்) வெளிவந்த சமயத்தில் தொடங்கினேன். பத்தாண்டுகளுக்கு மேலாக இந்த வழக்கம் தொடர்வதால், அதன் பயனையும் அது எங்கே கைகொடுக்காது என்பதையும் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. நான் இறையியல் பயின்றவன் அல்லன். பங்குப் பேரவையிலும் அன்பியம் எனப்படும் பங்கின் சிறு குழுக் கூட்டங்களிலும் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் தேடும் ஒரு பொதுநிலையினன் மட்டுமே.

பயன்படுத்தும் முறை எளியது. திருப்பீடச் செய்தித் தொடர்பகத்தின் அறிக்கை உரோமை நேரப்படி நண்பகலில் வெளியாகும். ஆயர் நியமனங்களும் பதவி விலகல்களும் அதில்தான் அறிவிக்கப்படுகின்றன. புதிய ஆயரின் பெயர் நம் ஊரில் கோடைக்காலமானால் பிற்பகல் மூன்றரை மணிக்கும், குளிர்காலமானால் நாலரை மணிக்கும் தெரியவருவதற்குக் காரணம் இதுவே. சுற்றுமடல்கள், ஊக்கவுரைகள், புதன்கிழமை மறைக்கல்வி உரைகள், ஞாயிறு மூவேளை செப உரைகள் ஆகியவை வத்திக்கான் இணையதளத்தில் ஆண்டுவாரியாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அன்றாடச் சுருக்கத்துக்கு வத்திக்கான் செய்திகளின் தமிழ்ப் பக்கத்தை நாடுகிறேன். பேருந்துப் பயணத்தில் படித்துமுடிக்கும் அளவில் அதன் செய்திகள் அமைந்திருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

இந்தப் பழக்கம் முதலில் கற்றுத்தந்தது ஆவணங்களின் தரவரிசையை. திருத்தந்தை விமானத்தில் செய்தியாளர்களுக்குச் சொல்லும் ஒரு பதிலும், அவர் கையெழுத்திட்டு வெளியிடும் சுற்றுமடலும் ஒரே எடையுள்ளவை அல்ல. செய்தித் தலைப்புகளில் மட்டும் இரண்டும் 'போப் அதிரடி' என்றே வரும். 2013-இல் ரியோவிலிருந்து திரும்பும் வழியில், தன்பாலின ஈர்ப்புள்ளவர்களைப் பற்றி பிரான்சிஸ் கூறிய 'தீர்ப்பிட நான் யார்?' என்ற வாக்கியம் உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அதனால் திருஅவைச் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 2018 ஆகஸ்டில் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி ஏட்டில் 2267-ஆம் எண் திருத்தப்பட்டு, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதப்பட்டபோது போதனையின் வாசகமே மாறியது. எங்கள் பங்கில் முதலாவதைப் பற்றி இன்றும் வாதாடுகிறார்கள், இரண்டாவதைக் கேள்விப்பட்டவர்களோ மிகச் சிலர். எதற்கு எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று தெரிந்திருப்பதே ஒரு நிம்மதி.

இந்த வழக்கத்துக்குப் பெரிய சோதனையாக அமைந்தது 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறை ஆசி வழங்குவதைப் பற்றி வெளியிட்ட 'ஃபிதூச்சியா சுப்ளிகான்ஸ்' அறிக்கை. அன்று மாலையே 'ஒரே பாலினத் திருமணத்துக்கு வத்திக்கான் அனுமதி' என்ற பொருளில் செய்திகள் பரவின. கிறிஸ்து பிறப்பு விழா ஏற்பாடுகளுக்கு நடுவே பலர் கலக்கத்தோடு கேட்டார்கள். சிலர் கொண்டாட்டத்தோடும் கேட்டார்கள். ஆவணத்தில் இருப்பது 45 பத்திகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான, பிரிக்க முடியாத, குழந்தைப்பேற்றுக்குத் திறந்த பந்தமே திருமணம் என்ற போதனையை நான்காம் பத்தியே மீண்டும் உறுதிப்படுத்துவதோடு, அதில் குழப்பம் விளைவிக்கும் சடங்குகளுக்கு இடமில்லை என்றும் கூறுகிறது. 31-ஆம் பத்திதான் புதியது. வழிபாட்டுச் சடங்கின் வடிவம் கொடுக்கப்படாமல், ஒரே பாலின இணையருக்கும், திருஅவை முறைப்படி அமையாத உறவில் வாழும் இணையருக்கும் ஆசி வழங்கும் வாய்ப்பு அதில் குறிப்பிடப்படுகிறது. ஆகவே செய்தித் தலைப்பு தவறு என்று அன்றே சொல்ல முடிந்தது. ஆனால் மூல ஆவணத்தைப் படித்தவனுக்கும் குழப்பம் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அத்தகைய உறவுகளுக்கு ஆசி வழங்க இயலாது என்று இதே துறை 2021-இல் பதில் அளித்திருந்தது. 2024 ஜனவரி 4 அன்று, இந்த ஆசி பத்துப் பதினைந்து வினாடிகளில் முடியக்கூடிய எளிய மன்றாட்டு என்று விளக்கக் குறிப்பு ஒன்றையும் அத்துறை வெளியிட வேண்டியதாயிற்று. மூன்று வாரத்துக்குள் விளக்கவுரை தேவைப்படும் ஓர் அறிக்கை தெளிவாக எழுதப்பட்டது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜனவரி 11 அன்று ஆப்பிரிக்க ஆயர்கள், கர்தினால் ஃபிரிதோலின் அம்போங்கோவின் கையொப்பத்தோடு, தங்கள் கண்டத்தில் ஒரே பாலின இணையருக்கு இந்த ஆசியை வழங்குவது பொருத்தமல்ல என்று அறிவித்ததையும் சேர்த்துப் படித்த பின்புதான் முழுப் படம் கிடைத்தது.

குடும்ப அன்பைப் பற்றி 2016-இல் வந்த 'அமோரிஸ் லெத்தீசியா' ஊக்கவுரைக்கு நேர்ந்தது இன்னும் வருத்தத்துக்குரியது. 325 பத்திகள் கொண்ட அந்த ஏட்டில் 351-ஆம் அடிக்குறிப்பு ஒன்றே விவாதமாகி, நான்கு கர்தினால்கள் எழுப்பிய ஐயங்கள் வரை சென்றது. அந்த விவாதம் தேவையற்றதென்று நான் சொல்லவில்லை. மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர்களின் நற்கருணைப் பங்கேற்பு கனமான கேள்வியே. ஆயினும், 'அன்பு பொறுமையுள்ளது' என்ற பவுலடியாரின் பகுதியைச் சொல் சொல்லாக எடுத்து, கணவன் மனைவியின் அன்றாடக் கோபத்துக்கும் மன்னிப்புக்கும் பொருத்திக் காட்டும் நான்காம் இயல் எந்தத் தலைப்பிலும் இடம்பெறவில்லை. திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் அந்த இயலைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். இளைஞர்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட பாடம் அது ஒன்றுதான்.

பண்பாடு சார்ந்த ஏடுகளில் எதிர்பாராத மகிழ்ச்சி அளித்தது, இலக்கிய வாசிப்பு குருத்துவப் பயிற்சிக்கு ஏன் இன்றியமையாதது என்பதைப் பற்றி பிரான்சிஸ் 2024 ஜூலையில் எழுதிய மடல். இளமையில் அர்ஜென்டீனாவின் சாந்தா ஃபே பள்ளியில் இலக்கிய ஆசிரியராக இருந்தவர் என்பதால், அதில் அனுபவத்தின் சூடு இருக்கிறது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி 2025 ஜனவரியில் வந்த 'அந்திக்குவா எத் நோவா' பயனுள்ளது, ஆனால் நீளமானது. அவசரமாகப் படிப்பவர்களுக்கு ஏற்றதல்ல.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, மொழி. பெரும்பாலான ஆவணங்கள் இத்தாலியம், ஆங்கிலம், பிரெஞ்சு, இஸ்பானியம் போன்ற மொழிகளில் ஒரே நாளில் வெளியாகின்றன. தமிழில் நமக்கு உடனே கிடைப்பது சுருக்கமே. அதனால் ஆங்கிலம் தெரியாத அன்பிய உறுப்பினருக்கு இந்த வழி பாதி அடைபட்டிருக்கிறது. இரண்டாவது இன்னும் முக்கியமானது. அதிகாரபூர்வ ஏடு முடிவைச் சொல்லும். முடிவுக்கு முன்னிருந்த சச்சரவைச் சொல்லாது. ஓர் ஆயரின் பதவி விலகல் ஏற்கப்பட்டது என்ற ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை அறிய, 1979-இல் தொடங்கி ஆசியத் திருஅவைகளைப் பற்றி எழுதிய யூகான் போன்ற செய்தி நிறுவனங்களையும் படித்தே ஆக வேண்டும். மூல ஆவணம் மட்டும் போதும் என்று இருப்பவர், திருஅவையில் எல்லாமே அமைதியாக நடக்கிறது என்று நம்பிவிடுவார்.

இத்தனை குறைகளுக்குப் பின்னும் நான் இதைக் கைவிடாததற்குக் காரணம், செய்தியே ஆகாமல் போன ஏடுகள். ஆயர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளவில் உரோமைக்குச் செல்லும் 'அத் லிமினா' சந்திப்புகளில் திருத்தந்தையர் ஆற்றும் உரைகளை நம்மவர்கள் தேடிப் படிப்பதே இல்லை. 2003 நவம்பர் 17 அன்று சென்னை-மயிலை, மதுரை, புதுவை-கடலூர் மறைமாநிலங்களின் ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல் பேசியபோது, கிறிஸ்தவர்களுக்கு இடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று நேரடியாகச் சொன்னார். கல்லறையிலும் தேர்ப்பவனியிலும் இன்றுவரை சாதி நுழையும் பங்குகளில், யாரோ ஒரு சமூக ஆர்வலரின் கருத்தாக அல்லாமல், நம் ஆயர்களின் முகத்துக்கு நேரே ஒரு திருத்தந்தை சொன்னதாக இதை வாசித்துக் காட்டினால் மறுத்துப் பேசுவது எளிதல்ல. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தின் பெயரோடு சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை என்பதையும் இந்த உரையோடு இணைத்தே பார்க்கிறேன்.

வேளாங்கண்ணித் திருத்தலத்தைப் பற்றி நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறை 2024 ஆகஸ்ட் 1 அன்று தஞ்சை ஆயருக்கு எழுதிய மடலும் இதே வகையைச் சேர்ந்தது. கிறிஸ்தவரல்லாத திருப்பயணிகள் அங்கே ஆறுதல் தேடி வருவதைச் சமயக் கலப்பாகக் கருத வேண்டியதில்லை என்று அது கூறுகிறது. காவி உடுத்து நடந்து வரும் பயணிகளைக் கண்டு முகம் சுளிக்கும் 'தூய' கத்தோலிக்கர்கள் எங்கள் ஊரிலும் உண்டு; அவர்களோடு வாதாடுவதை நிறுத்திவிட்டு இந்த மடலை அச்செடுத்துக் கொடுத்துவருகிறேன். புதிதாகத் தொடங்க விரும்புபவர்கள் நீண்ட சுற்றுமடலை எடுத்துத் திணற வேண்டாம். இந்த மடலையும் 2003-ஆம் ஆண்டு உரையையும் ஒரே மாலையில் படித்துவிடலாம்.