கோலெர்னா, வெட்டர்ஹோர்னா?

ஆல்ப்ஸ் மலைகளில் ஆட்களை ஏற்றிய முதல் ரோப் கார்கள் என்றால் கோலெர்ன், வெட்டர்ஹோர்ன் இரண்டைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் 1908-இல் ஒரு மாத இடைவெளியில் திறந்தவை.

ஜூன் இறுதியில் முந்திக்கொண்டது, போல்சானோ நகரிலிருந்து மேலே ஏறும் கோலெர்ன். இன்று இத்தாலியில் இருக்கும் அந்த நகரம் அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரியைச் சேர்ந்தது. மேலே விடுதி வைத்திருந்த யோசெஃப் ஷ்டாஃப்லர், விருந்தாளிகள் மூச்சுவாங்க ஏற வேண்டாமே என்று இதைக் கட்டினார். மரத் தூண்கள், சின்னப் பெட்டிகள், அவ்வளவுதான். ஆனால் ஏற்றம் 800 மீட்டருக்கும் மேல்! சில ஆண்டுகளிலேயே அதை எடுத்துவிட்டு, பிளைகெர்ட் நிறுவனம் வலுவான புதிய பாதை அமைத்தது.

ஜூலையில் சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் வெட்டர்ஹோர்ன் மலையின் ரோப் கார் வந்தது. வடிவமைத்த ஃபெல்ட்மன் திறப்புக்கு முன்பே இறந்துவிட்டார். பெட்டி ஒன்றுக்கு 16 பேர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வடங்கள் அதைத் தாங்கின. நடுவில் தூணே கிடையாது. ஏற்றம் சுமார் 420 மீட்டர். சிகரம் வரை போக வேண்டிய பாதையின் முதல் கட்டம் மட்டுமே இது. அப்புறம் முதல் உலகப்போர் வந்தது, பயணிகள் வருவது நின்றது, ரோப் காரும் நின்றது. 1930-களில் பிரித்தே எடுத்துவிட்டார்கள்.

பொறியியல் அழகில் வெட்டர்ஹோர்ன்தான் மேல், சந்தேகமே இல்லை. ஆனாலும் என் மனம் கோலெர்ன் பக்கமே சாய்கிறது. மேலே வாழ்பவர்களுக்கும் அது தேவைப்பட்டது. பலமுறை மாற்றிக் கட்டப்பட்டாலும் இன்றும் அங்கே ரோப் கார் ஓடுகிறது.