மதுரை வெயிலில் 1/24 கார் மாடல்: பல வருடப் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

கார் மாடலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் வாங்குவது தமியா, ஹசெகாவா, ஆவோஷிமா, புஜிமி கிட்களைத்தான்; பிளாஸ்டிக் பாகங்களை நாமே ஒட்டி, பெயின்ட் அடித்துச் சேர்க்க வேண்டிய பெட்டிகள் இவை. நான்குமே ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்துக் கம்பெனிகள். பாகங்கள் பொருந்துவதில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் பெயின்ட் எப்போது காயும், எவ்வளவு தின்னர் ஊற்ற வேண்டும் என்று இணையத்தில் கிடைக்கும் கணக்கெல்லாம் குளிர் ஊர்க்காரர்கள் எழுதியது. சித்திரையில் 40 டிகிரி தொடும் மதுரையில் அதை அப்படியே பின்பற்றினால் பாடி கெட்டுப்போகும். இந்தப் பகிர்வில் பாதிக்கு மேல் பெயின்ட் பற்றியே இருப்பது அதனால்தான்.

முதலில் அளவு. அம்பாசடர் நிஜத்தில் சுமார் 4.3 மீட்டர் நீளம். 1/24-இல் அது 18 செ.மீ. அமெரிக்க கிட்கள் பல 1/25-இல் வரும். தனியாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் தெரியும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரே அளவில் நின்றுகொள்வது நல்லது.

கருவிகளுக்கு ஆன்லைனைத் தேட வேண்டியதில்லை. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைப் பக்கம் பத்தர்களுக்கான சாமான் விற்கும் கடைகளில் ஊசிமுனைச் சாமணம், சின்ன அரம் செட், கையால் சுழற்றும் துளைப்பான், அரை மி.மீ. டிரில் பிட் எல்லாம் கிடைக்கும். தங்க வேலைக்கு வரும் சாமணத்தின் முனை சரியாகச் சேரும், பல வருடம் வளையாது. நிப்பர் மட்டும் விதிவிலக்கு. பிளாஸ்டிக் வெட்டுவதற்கென்றே வரும் ஒற்றைப்பக்கக் கூர்முனை நிப்பரைத் தனியாக வாங்குங்கள். கம்பி வெட்டும் குறடு ஸ்ப்ரூவை, அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை, நசுக்கித்தான் எடுக்கும். வெட்டிய இடம் வெளுத்துப்போகும்.

இனி பாடி. பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, அச்சு ஒட்டுக்கோட்டைத் தேடுங்கள். பெரும்பாலும் முன் மட்கார்டின் மேலும் பின் தூணிலும் மெல்லிய வரப்பு மாதிரி ஓடும். அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி, 800, 1000 வாட்டர் பேப்பரில் தேய்க்க வேண்டும். அடுத்து கதவு, பானட் கோடுகள். பிரைமர் (அடிப்பூச்சு), கலர், கிளியர் (நிறமில்லாத பளபளப்பு மேல்பூச்சு) மூன்றும் ஏறிய பிறகு இந்தக் கோடுகள் பாதி நிரம்பிவிடும். அதனால் பெயின்டுக்கு முன்பே கத்தி முதுகால் மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்து ஆழப்படுத்த வேண்டும். இதை விட்டுவிட்டு, கடைசியில் கருப்பு மை ஓட்டி எடுப்பாகக் காட்டலாம் என்று நினைத்தால் மை நிற்கப் பள்ளமே இருக்காது. சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த பாடிக்கு வெள்ளை அடிப்பதாக இருந்தால் பிரைமருக்கு மேல் சில்வர் ஒரு கோட் அவசியம். இல்லையென்றால் சில நாளில் வெள்ளை ரோஸாக மாறும்.

இப்போது பெயின்ட். லாக்கர் பெயின்டில் மதுரையில் இரண்டு கெடுதல் வரும்; பார்க்க ஒன்றுக்கொன்று நேரெதிர். ஏப்ரல், மே மாதங்களில் ஏர்பிரஷ்ஷிலிருந்து (பெயின்டைக் காற்றழுத்தத்தில் தூவும் பேனா போன்ற கருவி) கிளம்பும் துளி பாடியைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடும். விழுந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து மட்டமாவதில்லை. கூரையைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மாவு தூவியது போல் இருக்கும். ஐப்பசி மழையில் வேறு கதை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து கருப்புப் பெயின்டில் பால் ஊற்றியது போல வெளிறல் வரும். காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான்: தின்னர் அளவுக்கு மீறிய வேகத்தில் பறக்கிறது. அதனால் மருந்தும் ஒன்றே. மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னர்.

வெயில் காலத்தில் ஒரு பங்கு லாக்கருக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு லெவலிங் தின்னர், காற்றழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ, 0.3 மி.மீ. ஊசி, தூரம் 6 முதல் 8 செ.மீ. நேரம் காலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குள். மழைக் காலத்தில் சமபங்கு போதும், தூரம் 10 செ.மீ. ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் வாங்கி மேசையில் வையுங்கள். 75-க்கு மேல் காட்டினால் பளபளப்பு வேலையை அன்றைக்கு ஒத்திப்போடுவதே சரி. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் சாதாரண என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் ஏர்பிரஷ் கழுவ மட்டுமே ஆகும். அதைப் பெயின்டில் கலந்தால் மெல்லிய பாகங்களின் விளிம்பு கரையும்.

ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றைத் தரும் கம்ப்ரஸரில் டாங்க் இருந்தால் மழைக்காலத்தில் ஒவ்வொரு முறையும் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். ஒரு மணி நேர வேலையிலேயே சிறிது தண்ணீர் சேர்ந்திருக்கும். அதில் ஒரு துளி குழாய் வழியாக வந்து பானட்டில் தெறித்தால் அங்கே வட்டமாகக் குழி விழும். அதைத் தேய்த்து எடுத்து மறுபடி முதலிலிருந்துதான் வர வேண்டும்.

ஸ்ப்ரே டப்பா பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய பிறகு அடிக்கச் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக்கு. இங்கே வெயில் காலத்தில் டப்பாவின் அழுத்தம் ஏற்கெனவே அதிகம். பெயின்ட் கொட்டும், கதவோரம் வழியும். டப்பாவை 40 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் வைக்கவே கூடாது. மொட்டைமாடி அறை மதியத்தில் அதைத் தாண்டும். கீழ்த்தளத்தில், சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஆடிக் காற்றில் வீட்டுக்குள் ஏறும் புழுதியைத் தடுக்க முடியாது. குளியலறைத் தரையில் தண்ணீர் தெளித்து, புழுதி அடங்கப் பத்து நிமிடம் விட்டு அங்கே அடிப்பது நன்றாகப் பலன் தருகிறது. அடித்த கையோடு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட வேண்டும். மின்விசிறி கூடாது. கரி வடிகட்டி வைத்த முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. கார் பட்டறையில் அடிக்கும் ஹார்டனர் கலந்த கிளியர் கண்ணாடி போல வரும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். காற்றோட்டமில்லாத வீட்டு அறையில் அதைத் தொடவே வேண்டாம்.

கிளியரை இரண்டு லேசான கோட், பிறகு இரண்டு ஈரமான கோட் என்று அடித்து குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். வெயிலில் ஒரே நாளில் காய்ந்தது போலத் தோன்றும், மேல்தோல்தான் காய்ந்திருக்கும். அவசரப்பட்டுப் பாலிஷ் போட்டால் இரண்டு வாரத்தில் பெயின்ட் சுருங்கி, தேய்த்த கோடுகள் மீண்டும் எழும். தேய்க்கும்போது மட்கார்டு விளிம்பு, கதவுக் கோட்டு ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அங்கேதான் பெயின்ட் மெல்லிசு, பிரைமர் முதலில் எட்டிப்பார்க்கும். வேலை முடிந்ததும் டேப்பை அன்றே உரியுங்கள். கோடையில் நாலு நாள் விட்டால் பசை பெயின்டிலேயே தங்கிவிடும்.

டீகாலுக்கு, அதாவது தண்ணீரில் நனைத்து பாடியில் ஒட்டும் அச்சுப் படங்களுக்கு, போர் தண்ணி ஆகாது. காய்ந்த பிறகு உப்பு வெள்ளையாகப் பூத்து கிளியருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் பல கிட்டுக்கு வரும்.

டீட்டெய்லிங்கில் அதிகப் பலன் தருவது என்ஜின் ஒயரிங். நிஜக் காரில் ஸ்பார்க் பிளக் ஒயர் 7 முதல் 8 மி.மீ. தடிமன், 24-ஆல் வகுத்தால் 0.3 மி.மீ. மோட்டார் காயில் கட்டும் கடையில் அந்தத் தடிமனில் எனாமல் பூசிய செம்புக் கம்பி இரண்டு மீட்டர் கேட்டு வாங்கலாம். பழைய நான்கு சிலிண்டர் என்ஜின் என்றால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஐந்து துளை: நடுவில் காயிலிலிருந்து வரும் ஒன்று, சுற்றிலும் நான்கு. கம்பியை அரை செ.மீ. கூடுதலாக வெட்டி, முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் ஒட்டி, காய்ந்த பிறகே பிளக் பக்கம் வளையுங்கள். நிஜ ஒயர் விறைப்பாக நிற்காது. தன் எடைக்குக் கொஞ்சம் தொய்ந்திருக்கும். அந்தத் தொய்வு வந்துவிட்டால் போதும், என்ஜினுக்கு உயிர் வந்துவிடும். சீட் பெல்ட்டுக்கு 2 மி.மீ. அகல டேப் கணக்குச் சரியாக வரும். 500க்கு 120 மி.மீ. நம்பர் பிளேட் 20.8க்கு 5 மி.மீ. ஆகும்; டிஎன் 58 என்று அச்சடித்து ஒட்டினால் ஜப்பான் கார் மதுரைக்கு வந்துவிடும்.

கண்ணாடிப் பாகங்களுக்கு இன்ஸ்டன்ட் பசை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியைப் புகை படிந்தது போல வெளுக்கச் செய்யும். வெள்ளை ஃபெவிகால் போதும். பிசிறினால் ஈரத்துணியால் துடைக்கலாம். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டும் மெல்லிய சிமென்ட் (நீர் போன்ற பசை) 40 மி.லி. பாட்டிலை மூடாமல் வைத்தால் கோடையில் கண்ணெதிரே குறையும். ஒவ்வொரு ஒட்டுக்கும் மூடி வைக்கும் பழக்கம் வர வேண்டும்.

முடித்த மாடல்களில் வருடக்கணக்கில் வெளிவரும் கெடுதல் டயரில்தான். மெல்லிய வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் பிளாஸ்டிக் ரிம்மைக் கரைக்கும், வெப்பம் அதை வேகப்படுத்தும். பழைய கிட்களில் இது அதிகம். ரிம்மைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாள் ஒரு சுற்று சுற்றிவிட்டு டயரை ஏற்றினால் தப்பிக்கலாம். கண்ணாடி அலமாரியை மேற்குச் சுவரில் ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். சாயங்கால வெயில் நேராக விழும் தட்டில் கிளியர் மஞ்சளாகும், கறுப்பு பாடியின் கூரை மெல்ல வளையும். உள் சுவரோரம், கதவுள்ள அலமாரிதான் சரியான இடம்.