முதல் ஐந்து கோழி: சிறுவிடையா, கிராமப்பிரியாவா?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஐந்து பெட்டை வாங்கலாம், ஆனால் எந்த இனம் என்றுதான் பலரும் முழிக்கிறார்கள்.

முட்டை: நாட்டுக்கோழி இனமான சிறுவிடை வருடத்துக்கு 60 முதல் 80 வரை இடும். ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கிராமப்பிரியா அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தரும், பழுப்பு முட்டை.

தீவனம்: சிறுவிடை பாதி வயிற்றை மேய்ந்தே நிரப்பிக்கொள்ளும். கிராமப்பிரியாவுக்குக் கையிலிருந்தும் போட வேண்டும், குறைத்தால் முட்டையும் குறையும்.

அடை: இதுதான் பெரிய வித்தியாசம். சிறுவிடை தானே அடை உட்கார்ந்து 21 நாளில் குஞ்சு பொரித்து, பருந்து நிழல் தெரிந்தாலே குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும், அதனால் கூடவே சேவலும் இருந்தால் இரண்டாவது முறை குஞ்சு வாங்கும் செலவே வராது. கிராமப்பிரியா பெரும்பாலும் அடைக்கு உட்காராது.

நோய்: எதுவானாலும் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி கட்டாயம், நாட்டுக்கோழிக்கு வராது என்று விட்டுவிடாதீர்கள்.

பெயர்: சிறுவிடையில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, நிறத்தைப் பார்த்தே கருப்பி, செவலை, புள்ளி, வெள்ளச்சி என்று வைத்துவிடலாம். கிராமப்பிரியாவில் சாயல் ஒத்துப்போனால் காலில் கலர் வளையம் மாட்டிவிட்டுப் பெயர் வையுங்கள். பெயர் இருந்தால்தான் இன்று எது இரை எடுக்கவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சட்டென்று தெரியும்.

சரி, குழந்தைகளுக்குத் தினம் முட்டை வேண்டும் என்றால் கிராமப்பிரியா. மேய இடம் இருந்து, கூட்டம் தானாகப் பெருக வேண்டும் என்றால் சிறுவிடை. முடிந்தால் மூன்று கிராமப்பிரியா, இரண்டு சிறுவிடை வாங்குங்கள். சேவல் ஒன்றும் இருந்தால், கிராமப்பிரியா முட்டையையும் சிறுவிடைக்கே அடை வைக்கலாம்.