மதியச் சோற்றுக்கு எந்த ஊசி, எத்தனை நிமிடம் முன்னால்?

எங்கள் வீட்டில் ஒரே பானைச் சோற்றை மூன்று பேர் மூன்று வித இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறோம். அம்மாவுக்குக் காலையும் இரவும் முப்பது-எழுபது கலவை ஊசி. சித்தப்பாவுக்கு மூன்று வேளையும் சாப்பாட்டுக்கான ரெகுலர் இன்சுலின், படுக்கப் போகும்போது மெதுவாக வேலை செய்யும் என்பிஎச் ஒன்று. எனக்கு டைப் 1 நீரிழிவு வந்து பதினாறு வருடமாகிறது. முதலில் கலவை, அப்புறம் ரெகுலர், இப்போது சாப்பாட்டுக்கு வேகமான அஸ்பார்ட், ராத்திரிக்கு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜின். மூன்றையும் போட்டுப் பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். எத்தனை யூனிட் (மருந்தின் அளவு) என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எந்த ஊசி, முதல் கவளத்துக்கு எத்தனை நிமிடம் முன்னால் என்பதுதான் என் பேச்சு. சோறு சாப்பிடுகிறவர்களுக்குப் பல நாள் கணக்கு தப்புவது யூனிட்டில் இல்லை, இந்த நிமிடங்களில்தான்.

முதலில் தட்டைப் பார்ப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசில் என் தட்டை வைத்து ஒவ்வொரு சுற்றுச் சோற்றையும் எடை போட்டேன். சாம்பாருக்கு 160 கிராம், ரசத்துக்கு 120, தயிருக்கு 100, ஆக 380 கிராம் சோறு. நூறு கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அப்படியானால் சோறு மட்டுமே நூறு கிராம் மாவுச்சத்தைத் தாண்டிவிட்டது. சாம்பாரில் இருக்கும் பருப்பும் உருளைக்கிழங்கு வறுவலும் இன்னும் கணக்கில் வரவில்லை. நான் அதுவரை “கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன்” என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். இந்த நூறு கிராம் குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வர ஆரம்பிப்பதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும், ஒரு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடும். அந்த உச்சியை எந்த இன்சுலின் எந்த நேரத்தில் எதிர்கொள்கிறது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

கலவை ஊசியில் முப்பது பங்கு ரெகுலர், எழுபது பங்கு என்பிஎச். காலை எட்டு மணிக்குப் போட்டால் அந்த முப்பது பங்கு இட்லியைப் பார்த்துக்கொள்ளும். மதியச் சோற்றுக்கென்று தனியாக எதுவும் இல்லை. காலையில் போட்ட என்பிஎச் நான்கு மணி நேரத்துக்கு மேல்தான் உச்சத்துக்கு வரும், அந்த உச்சமும் கூராக இருக்காது, அகலமாக, மந்தமாக இருக்கும். அதை நம்பித்தான் மதியச் சாப்பாடு. அதனால் இந்த ஊசி போடுகிறவர் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும், தினமும் ஏறக்குறைய அதே அளவு சாப்பிட வேண்டும். அம்மா வீட்டில் இருக்கும் நாட்களில் ஒரு மணிக்கு இலை போட்டுவிடுவோம், பிரச்சினை இல்லை. போன வருடம் ஒரு கல்யாணத்தில் மூன்றாவது பந்தியில்தான் இடம் கிடைத்தது. இரண்டே கால் மணிக்கு அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்து, நெற்றியெல்லாம் வியர்த்து, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். ரத்தச் சர்க்கரை மீட்டரில் 54, மிகவும் குறைவு. பையில் குளுக்கோஸ் இருந்ததால் தப்பித்தோம்.

அதற்காகக் கலவையை மட்டம் என்று சொல்ல மாட்டேன். நாளுக்கு இரண்டே குத்து, விலை குறைவு, 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. எழுபது வயதில் கண் மங்கியவரை ஒரு நாளைக்கு நான்கு ஊசி போடச் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்காது. மருந்து பால் போலக் கலங்கலாக இருக்கும் என்பதால் போடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெதுவாகப் பத்து முறையாவது உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. அம்மா பல மாதம் உருட்டாமலே போட்டுக்கொண்டிருந்தார், அது எங்களுக்குத் தெரியவே இல்லை. ஒரு நாள் 90, மறுநாள் 260 என்று காரணமே இல்லாமல் ஆடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ரெகுலர் தனியாகப் போடும்போது ஒவ்வொரு வேளைக்கும் அதற்குரிய மருந்து கிடைக்கிறது, அது பெரிய முன்னேற்றம். சிக்கல் என்னவென்றால் ரெகுலரில் இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாக ஒட்டிக்கொண்டிருக்கும், தோலுக்கு அடியில் அவை பிரிந்த பிறகுதான் ரத்தத்துக்குள் போக முடியும். அதற்கே அரை மணி நேரம் ஆகிவிடும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் உச்சம், ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை மிச்சம். சோறு ஒரு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விட, ரெகுலர் அதற்குப் பின்னால் ஓடி வருகிறது. சித்தப்பா முதலில் ஊசி போட்ட கையோடு தட்டில் உட்கார்ந்துவிடுவார், சாப்பிட்ட பிறகு 280, மாலை ஐந்து மணிக்கு 65. இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முனைகள். இப்போது பன்னிரண்டரைக்கு ஊசி, செல்போனில் அலாரம், ஒரு மணிக்குச் சாப்பாடு. யூனிட் மாறவில்லை, மதிய உச்சம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஐந்து மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல் மட்டும் இன்னமும் தேவைப்படுகிறது, அந்த நீண்ட வாலுக்குத் தீனி போட்டாக வேண்டுமே.

அப்புறம் வேகமான இன்சுலின்கள். இந்த வகையில் முதலில் வந்தது லிஸ்ப்ரோ, 1996இல். இன்சுலின் சங்கிலியில் இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றியிருக்கிறார்கள், அதனால் ஒட்டிக்கொண்ட மூலக்கூறுகள் சட்டென்று பிரிந்துவிடும். அஸ்பார்ட், குளுலிசின் இரண்டும் இதே குடும்பம்தான். பத்து, பதினைந்து நிமிடத்தில் வேலை தொடங்கி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் அடங்கிவிடும். சோற்றின் வடிவத்தோடு மிக நெருக்கமாகப் பொருந்துவது இதுதான், எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் “வேகமானது” என்ற பெயரைக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். ரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்ட பதினான்கு நாளில் இதைச் சோதித்துப் பார்த்தேன். அதே 200 கிராம் சோறு, அதே யூனிட். ஊசி போட்டவுடன் சாப்பிட்ட நாளில் ஒரு மணி நேரத்தில் 255, பதினைந்து நிமிடம் பொறுத்துச் சாப்பிட்ட நாளில் 184. சாப்பிட ஆரம்பித்து ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 180க்குக் கீழே என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பெரும்பாலானோருக்குச் சொல்லும் இலக்கு. சும்மா உட்கார்ந்திருந்த கால் மணி நேரம் என்னை அதன் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது.

இரண்டு இடத்தில் மட்டும் காத்திருக்கவே மாட்டேன். ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னாலேயே சுகர் எழுபது, எண்பது பக்கம் இருந்தால். இன்னொன்று, சாப்பாடு எப்போது வரும் என்பது என் கையில் இல்லாதபோது. பந்தியில், ஓட்டலில், சொந்தக்காரர் வீட்டில், இலையில் சோறு விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இன்சுலின் பென்னை (பேனா வடிவ ஊசியை) திறப்பேன்.

விலை என்று வந்தால் ரெகுலர்தான் வெல்லும், வேகமான பென் மாத பட்ஜெட்டை நன்றாகவே கடிக்கும். பணம் நெருக்கடியாக இருப்பவர் கடிகாரம் பார்த்து ரெகுலர் போடலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. பணத்தை மிச்சம் பிடிக்க பென் கார்ட்ரிட்ஜிலிருந்து சாதாரண சிரிஞ்சில் மருந்து உறிஞ்சுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நம் ஊரில் சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கானது. பென்னில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். பத்து என்று நினைத்து உறிஞ்சினால் உள்ளே போவது இருபத்தைந்து.

பரோட்டா, பூரி, பிரியாணி என்று வரும்போது இந்தத் தரவரிசையே மாறுகிறது. எண்ணெயும் இறைச்சியும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், சர்க்கரை மூன்று, நான்கு மணி நேரம் கழித்துத்தான் மெல்ல ஏறும். அதற்குள் வேகமான இன்சுலின் முடிந்துபோயிருக்கும். இரவு ஒன்பதுக்குப் பிரியாணி சாப்பிட்டு, பதினொரு மணிக்கு 148 பார்த்து நிம்மதியாகப் படுத்து, ஒன்றரைக்குத் தாகத்தில் எழுந்து 290 பார்த்திருக்கிறேன். இங்கே ரெகுலரின் நீண்ட வாலே உதவியாகிவிடுகிறது. வேகமானதை மட்டும் போடுகிறவர்கள் அளவை இரண்டாகப் பிரித்துப் போடுவது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

ஏறிய பிறகு துரத்துவது என்று ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் போகிற வழியும் அதுதான், எனக்கு மிகவும் பயமான வழியும் அதுதான். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 270 பார்த்ததும் கை தானாக பென்னுக்குப் போகும். ஆனால் முதலில் போட்டதில் பாதிக்கு மேல் அப்போது இன்னும் உடம்பிலேயே இருக்கிறது. அதன் மேல் இன்னொரு நான்கு, அரை மணி கழித்து இன்னொரு மூன்று என்று அடுக்கினால் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இறங்கும். ஒரு தடவை அப்படி அடுக்கி, இரவு இரண்டு மணிக்கு 48இல் விழித்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து சர்க்கரை டப்பாவைத் திறக்க முடியாமல் திணறினேன். அன்றோடு விட்டேன். கடைசி ஊசியிலிருந்து மூன்று, நான்கு மணி நேரம் ஆகாமல் திருத்த ஊசி போடுவதில்லை.

துரத்துவதற்குப் பதில் நடப்பது எவ்வளவோ மேல். வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட அரை மணியில் மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் நடந்தால் எனக்கு முப்பது, நாற்பது புள்ளி குறைகிறது. தொடையில் ஊசி போட்டுவிட்டு நடந்தால் மருந்து எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் உறிஞ்சப்படும், நடக்கிற நாளில் வயிற்றில் போடுவது நல்லது.

காய், பருப்பு, முட்டையை முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசிக்கு வைப்பதும் நன்றாக வேலை செய்கிறது. நியூயார்க்கில் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் செய்து 2015இல் வெளியான ஆய்வில், இப்படிச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு மணி நேரச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் அது பதினோரு பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, அவர்கள் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் இல்லை. நமக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பதினைந்து நிமிடம் முன்னால் அஸ்பார்ட் போட்டுவிட்டு, பொறுமையாகக் கீரையும் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சோறு வருவதற்குள் மருந்து வந்துவிடும். எனக்கு அப்படி ஒரு நாள் 62 வந்தது. அதிலிருந்து காயை முதலில் சாப்பிடும் நாட்களில் காத்திருக்கும் நேரத்தைச் சுருக்கிவிட்டேன்.

சிறுதானியம் பற்றிச் சுருக்கமாக: சாமைச் சோறும் சோறுதான், அதிலும் மாவுச்சத்து இருக்கிறது, அளவில்லாமல் போட்டுக்கொள்ள முடியாது.

இன்சுலினோடு வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள். இந்த மாத்திரைகள் வெள்ளைச் சர்க்கரை செரிப்பதையே தடுக்கின்றன, அதனால் லோ சுகர் வந்தால் சர்க்கரையோ சாக்லேட்டோ சீக்கிரம் ஏற்றாது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். 15 கிராம், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி மீட்டர். அம்மாவும் வோக்லிபோஸ் சாப்பிடுகிறார், அன்று கல்யாணத்தில் பக்கத்தில் இருந்தவர் அன்போடு லட்டை நீட்டினார், நான் அதைத் தள்ளிவிட்டு பொடியைத்தான் கரைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். மதியத்துக்கு மட்டும் தனியாக ஒரு ஊசி சேர்க்க முடியுமா என்று கேட்கப் போகிறோம். அதற்காகப் பத்து நாளாக ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்கே கட்டம் எழுதி வருகிறோம்: ஊசி போட்ட மணி, முதல் கவளம் எடுத்த மணி, சோற்றின் எடை, இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் காட்டியது. எடையைச் சித்தப்பா போடுகிறார், மணியை அம்மாவே எழுதுகிறார்.