உப்புக்கடலுக்குத் தாங்குமா ஜி.பி.எஸ். நாய்ப்பட்டி?

திருகோணமலையில் நாய்க்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இடத்தைச் சரியாகக் காட்டுமா?" என்றுதான். வெட்டவெளியில் ஐந்து, பத்து மீற்றருக்குள் காட்டும். இப்போது வருகிற பட்டிகள் அதில் பெரிதாகக் குறை வைப்பதில்லை. நாங்கள் கேட்கச் சொல்வது வேறு: கடலில் விழுந்து எழும்புகிற நாயின் கழுத்தில் ஆறு மாதம் கிடந்த பிறகும் அதில் சேர்ஜ் ஏறுமா? இந்த ஊரில் பட்டிகளின் ஆயுளைத் தீர்மானிப்பது சேர்ஜ் கேபிள் ஒட்டும் அந்தச் சின்ன உலோகப் புள்ளிகள்தான்.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆப்பிளின் ஏர்டேக் ஜி.பி.எஸ். கருவி அல்ல. பக்கத்தில் யாருடைய ஐபோனாவது இருந்தால்தான் இடம் தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெளிநாட்டுக்காரர் நிறைந்திருக்கும்போது ஓரளவு உதவும், மாரியில் கைவிட்டுவிடும். கார்மின் டிடி 15 போன்ற வேட்டைநாய்ப் பட்டிக்கு சிம் தேவையில்லை. இரண்டரை விநாடிக்கொரு தடவை கையிலுள்ள கருவிக்கே ரேடியோவில் இடத்தை அனுப்பும். தரமான சாமான். ஆனால் அமெரிக்க மாடல் 151–154 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்வது. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத்தளமும் உள்ள ஊரில், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டாம். ஆகவே வீட்டு நாய்க்குச் சரிவருவது, சிம் போட்டு போன் டவர் வழியாக இடத்தை அனுப்பும் பட்டிதான்.

அதிலும் பெட்டியைத் திருப்பி, அலைவரிசை எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். இங்கே 2ஜி ஓடுவது 900, 1800 மெகாஹேர்ட்ஸில். 850/1900 என்று மட்டும் போட்டிருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது, இங்கே டவரைப் பிடிக்காது. எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வரைபட லிங்க்குடன் பதில் தருகிற மாடலாக எடுங்கள். பெயர் தெரியாத கம்பனி தன் சேர்வரை மூடினால் அப் செத்துவிடும், எஸ்.எம்.எஸ். சாகாது. சிம்மைப் பட்டியில் போடுமுன் போனில் போட்டு பின் லொக்கை எடுத்துவிட வேண்டும். சிம் நிறுவனத்தின் ஏ.பி.என். (டேட்டா இணைப்புக்கான பெயர்) என்னவென்று கேட்டு, அதையும் பட்டியில் அமைக்க வேண்டும். "ஓன்லைனில் வரவில்லை" என்று திருப்பிக் கொடுக்கப்படும் பட்டிகளில் பலவற்றுக்கு இந்த இரண்டும்தான் காரணம். டேட்டா கொஞ்சம்தான் போகும். ஆனால் ரீலோட் பண்ண மறந்து சிம் முடங்கினால், நாய் ஓடிய அன்றுதான் அது தெரியவரும்.

இனி அந்தப் புள்ளிகள். நீர்காப்புத் தரம் ஐ.பி.67 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில், நல்ல தண்ணீரில், முப்பது நிமிடம் தாங்கும் என்றுதான் அர்த்தம். கடல் நீர் மின்சாரம் கடத்தும். சில மாடல்களில் சேர்ஜ் புள்ளிகளுக்கும் பற்றரிக்கும் நடுவே தடுப்பு எதுவும் இருக்காது, வெளியே தெரிகிற புள்ளிகளிலேயே பற்றரியின் மின்னழுத்தம் நிற்கும். நாய் நனைந்தவுடன் நேர் (+) புள்ளியின் பூச்சு கரையத் தொடங்கும். முதலில் மங்கும், பிறகு ஓரத்தில் பச்சைப் பொருக்கு, கடைசியில் காந்தக் கேபிள் ஒட்டியும் சேர்ஜ் ஏறாது. வாங்கியவுடன் மல்ட்டிமீற்றரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து இரண்டு புள்ளிகளையும் தொட்டுப் பாருங்கள். 3.7 முதல் 4.2 வரை காட்டினால் அந்தப் பட்டியைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பூச்சியம் காட்டினால் தடுப்பு இருக்கிறது, நம்பலாம். வேறு எந்த அம்சத்தையும்விட இந்தச் சோதனையைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

கடலில் இருந்து வந்தால் உடனே கழற்றி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கிணறு சவரென்றால் குழாய்த் தண்ணீர். பழைய பல் பிரஷ்ஷால் புள்ளிகளைத் தேய்த்து, துணியால் ஒற்றி, நிழலில் நன்றாகக் காயவிட்டுத்தான் சேர்ஜில் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். பொருக்கு ஏறியிருந்தால் பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து, அழிறப்பரால் மெதுவாக உரசலாம். மண்தாளால் சுரண்டினால் மிச்சப் பூச்சும் போய்விடும். சிம் மூடியின் ரப்பர் வளையம் சிலிக்கனால் செய்தது இல்லையென்றால் சிலிக்கன் கிரீஸ் பூசலாம், சிலிக்கன் ரப்பர் அதில் ஊதிவிடும். வாசலினும் வேண்டாம், அதிலும் சில ரப்பர்கள் ஊதிவிடும்.

வரைபடத்தில் நாய் திடீரென்று கடல் நடுவில் நிற்பதாகக் காட்டினால் பதற வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழோ கட்டடத்துக்குள்ளோ செய்மதி கிடைக்காதபோது பட்டி டவரை வைத்து இடத்தை ஊகிக்கும். தண்ணீருக்கு மேலால் சிக்னல் தூரம் போகும். கொட்டியாரக் குடாவுக்கு அக்கரை டவரைப் பிடித்துவிட்டால் பிழை கிலோமீற்றர் கணக்கில் போகலாம். எல்.பி.எஸ். (டவரை வைத்து ஊகித்தது) என்று வருகிற புள்ளியை நம்பி வண்டி எடுக்காமல், ஜி.பி.எஸ். என்று வரும்வரை பாருங்கள். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைச் செங்குத்துப் பாறையின் கீழும் புள்ளி தாவும், அங்கே பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் காரணம். பல நாள் அணைத்து வைத்த பட்டியை இயக்கி, முற்றத்தில் கால் மணி நேரம் வைத்துவிட்டே நாய்க்குப் போட வேண்டும். நாய் எல்லை தாண்டினால் போனுக்கு வரும் வேலி எச்சரிக்கையை 100 மீற்றருக்குக் கீழே குறைக்காதீர்கள். குறைத்தால் நாய் திண்ணையில் தூங்கும்போதே போன் அலறும்.

பற்றரிக் கணக்கில் விளம்பரத்தை நம்ப முடியாது. பத்து விநாடிக்கொரு தடவை அனுப்பினால் ஒரு நாள் தாங்குவதே பெரிது. வழமைக்குப் பத்து நிமிடம், காணாமல் போனால் மட்டும் பத்து விநாடி. 2ஜி அனுப்பும் கணத்தில் இரண்டு அம்பியர் வரை இழுக்கும். பற்றரி பழசானால் 30 சதவீதம் காட்டும்போதே பட்டி அணைந்து எழும்புவது அதனால்தான். குச்சவெளிக்கு வடக்கே சிக்னல் மெலிகிற இடங்களில் இது அடிக்கடி நடக்கும். கச்சான் காற்று வீசும் நாட்களில் வெயில் படும் வண்டிக்குள் வைத்துச் சேர்ஜ் ஏற்றக்கூடாது, 45 பாகைக்கு மேல் லித்தியம் பற்றரி கெடும். ஐப்பசி இடிக்கும் தீபாவளி வெடிக்கும் நாய் மிரண்டு ஓடுகிற காலத்தில் தினமும் நிறைத்து வையுங்கள்.

கழுத்துக்கும் பட்டிக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இரவில் கழற்றி, ஜி.பி.எஸ். கருவி அழுத்தும் இடத்தில் மயிரைப் பிரித்துப் பாருங்கள். ஈர நைலோனுக்குக் கீழே உண்ணி ஒளியும், தோல் வெந்து புண்ணாகும், மாரியில் அதில் புழு வைக்கும். நைலோனைக் கழற்றிவிட்டு ரப்பர் பூசிய வார் போட்டால் உப்பு ஊறாது. அந்த வாரில் உங்கள் போன் இலக்கத்தை அழியாத பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள், சேர்ஜ் தீர்ந்தாலும் கண்டவர் அழைக்கலாம்.